பள்ளத்துக்குள் இறங்க வேண்டிய கற்றை

மூணாறு மலையில் டவர் இல்லாமல் இல்லை. டவர் மேட்டில் நிற்கிறது, தோட்டத் தொழிலாளர்களின் வரிசைவீடான லயம் பள்ளத்தில் இருக்கிறது, நடுவில் ஒரு குன்று. அந்தக் காலத்தில் தேயிலைக்காக மலையை வெட்டியவர்கள் ஓடைத் தண்ணீர் கிடைக்கிற, காற்றடிக்காத மடிப்பாகப் பார்த்துத்தான் லயங்களைக் கட்டினார்கள். காற்று எட்டாத அந்த மடிப்புகளில் பலவற்றுக்குள் ரேடியோ அலையும் எட்டுவதில்லை. 2020இல் பள்ளிக்கூடம் போனுக்குள் வந்தபோது எஸ்டேட் பிள்ளைகள் ரேஞ்ச் கிடைக்கிற ரோட்டு வளைவுகளில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இதனால்தான்.

அதே வருடம் ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு ராஜமலைக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் மலை சரிந்தது. 70 உயிர்கள் போயின. பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். பலருக்குச் சொந்த ஊர் கயத்தாறு. அன்று ஒரே நாளில் அங்கே 600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்திருந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை. இரவு பத்தரை மணிக்கு மேல் நடந்தது வெளியே தெரிவதற்குள் விடிந்துவிட்டது. போகிற வழியில் பெரியவரை என்ற இடத்துப் பாலம் ஏற்கனவே வெள்ளத்தோடு போயிருந்ததால், தெரிந்த பிறகும் ஆட்கள் போய்ச் சேரத் தாமதமானது. போன் வேலை செய்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று கணக்குப் போட எனக்கு மனம் வராது. ஆனால் ஒரு மலைச்சரிவைப் பற்றிய செய்தி, மூணாறு டவுனுக்கு ஓர் இரவு முழுக்க வந்து சேரவில்லை என்பதை ஆன்டெனா வடிவமைக்கிற ஒருவன் தன் வேலைக்குச் சம்பந்தமில்லாத விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது.

என் அப்பாவும் அம்மாவும் தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள். நான் படித்துவிட்டு ஆன்டெனாத் துறைக்கு வந்தேன். கொஞ்ச காலமாக ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். தரை டவர்கள் விழுந்துவிட்ட ஒரு மழைநாளில், வானத்தில் ஒரு பலூனோ சூரிய சக்தி விமானமோ நின்று இந்த மலைக்கு இணைய இணைப்பு கொடுக்க வேண்டுமென்றால், அதன் வயிற்றில் எப்படிப்பட்ட ஆன்டெனா தொங்க வேண்டும்?

பறக்கும் இணையம் என்றதும் பலருக்கு விமானத்துக்குள் கிடைக்கிற வைஃபை நினைவுக்கு வரும். அதற்கான விதிகள் 2018இல் இந்தியாவில் வந்தன. 3,000 மீட்டருக்கு மேல் ஏறிய பிறகு பயணிகள் இணையம் பயன்படுத்தலாம். அங்கே ஆன்டெனா பெரும்பாலும் விமானத்தின் முதுகில் உட்கார்ந்து மேலே செயற்கைக்கோளைப் பார்க்கும். நான் பேசுவது வயிற்றில் இருந்து கீழே, சாதாரணக் கைப்பேசியைப் பார்க்கிற ஆன்டெனா. இரண்டும் வேறு வேறு கணக்கு.

இந்த முயற்சிகள் உலகத்தில் புதிதல்ல. கூகுளின் லூன் பலூன்கள் 2013இல் நியூசிலாந்தில் அறிமுகமாயின. ஏறக்குறைய 20 கிலோமீட்டர் உயரத்தில், விமானங்கள் பறக்கிற உயரத்தைப் போல இரண்டு மடங்கில் மிதந்தன. 2017இல் பெருவில் வெள்ளம் வந்தபோது அங்கே இணைப்புக் கொடுத்தன. அதே வருடம் மரியா புயலுக்குப் பிறகு புவேர்ட்டோ ரிக்கோவில் ஒரு லட்சம் பேருக்கு மேல் அவற்றின் வழியாகத் தொடர்பு கிடைத்தது. பெருவில் சீக்கிரம் முடிந்ததற்குக் காரணம், உள்ளூர்த் தொலைபேசி நிறுவனத்தோடு வெள்ளத்துக்கு முன்பே சேர்ந்து சோதனை நடத்திக்கொண்டிருந்ததுதான். 2020இல் கென்யாவில் வணிகச் சேவை தொடங்கியது. 2021 ஜனவரியில் லூன் மூடப்பட்டது, செலவு கட்டுப்படியாகவில்லை. ஃபேஸ்புக்கின் அக்விலா என்ற சூரிய சக்தி விமானம் 2016இல் முதல் தடவை பறந்தது, 2018இல் கைவிடப்பட்டது. ஏர்பஸ்ஸின் ஸெஃபைர் 25 மீட்டர் இறக்கை விரிப்பும் 75 கிலோவுக்குள் எடையும் கொண்டது. 2022இல் அது 64 நாள் இறங்காமல் பறந்தது. நம் நாட்டிலும் 2025 மே மாதம் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ மத்தியப் பிரதேசத்திலிருந்து ஒரு வான்கப்பலை 17 கிலோமீட்டர் உயரம் வரை ஏற்றிச் சோதித்தது.

செயற்கைக்கோள் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். நேராகக் கைப்பேசியோடு பேசும் செயற்கைக்கோள்கள் வந்துவிட்டன. 2022இல் ஏவிய புளூவாக்கர் 3 விண்வெளியில் 64 சதுர மீட்டர் ஆன்டெனாவை விரித்தது. 500 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பேசுவதற்கு அவ்வளவு பரப்பு வேண்டும். தூரத்தின் வர்க்கத்தில் அலையின் வலு குறைகிறது. 500ஐ 20ஆகக் குறைத்தால் 625 மடங்கு மிச்சம். 64 சதுர மீட்டரை 625ஆல் வகுத்தால் முழங்கை அளவுப் பலகை ஒன்று வரும். நிஜக் கணக்கு இவ்வளவு நேராக இருக்காது, ஆனாலும் 20 கிலோமீட்டர் உயரத்தின் கவர்ச்சி அந்த 625இல்தான் இருக்கிறது. கையில் இருக்கிற 4ஜி போன் பொதுவாக 200 மில்லிவாட்டுக்கு மேல் அனுப்பாது. அந்த மெல்லிய குரலைக் கேட்க வேண்டியவர் பக்கத்தில் இருப்பது நல்லது.

சரி, இப்போது மூணாறுக்கு வருவோம்.

உயரத்தில் நிற்கும் தளங்களைப் பற்றிய விளக்கங்களில் பெரும்பாலும் ஒரு படம் இருக்கும். 20 கிலோமீட்டர் மேலே ஒரு பலூன், கீழே 40 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டம், 5,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. ஒரு மாவட்டத்துக்கு ஒரு பலூன் போதும் என்று தோன்றும். அந்த வட்டத்தின் விளிம்பில் நிற்கிறவருக்குப் பலூன் அடிவானத்திலிருந்து 27 டிகிரி மேலே தெரியும். சமவெளியில் அது போதும். எங்கள் பக்கத்தில் போதாது. லய முற்றத்தில் நின்று சுற்றியுள்ள மலை எவ்வளவு வானத்தை மறைக்கிறது என்று கோணமானியால் பார்த்திருக்கிறேன். பல இடங்களில் 30இலிருந்து 40 டிகிரி வரை மலைதான் நிற்கிறது. ஆனமுடிப் பக்கம் போனால் இன்னும் மோசம். படத்தில் வட்டத்துக்குள் இருக்கிற லயம் நிஜத்தில் நிழலுக்குள் இருக்கும்.

ஆகவே எங்கள் மலைக்கு 40 டிகிரியைக் கீழ்வரம்பாக வைக்க வேண்டும் என்பது என் முடிவு. தரையே 1,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பலூன் நமக்கு மேலே 18.4 கிலோமீட்டர்தான். 40 டிகிரிக்கு வட்டத்தின் ஆரம் 22 கிலோமீட்டராகச் சுருங்குகிறது. பரப்பு 1,500 சதுர கிலோமீட்டர், விளக்கப்படம் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. திட்டத்துக்குப் பணம் கேட்டுப் போகிறவர்களுக்கு இந்த எண் பிடிக்காது. ஆனால் பெரிய வட்டத்தைக் காட்டிவிட்டுப் பள்ளங்களை விட்டுவிடுகிற தளத்தால் இங்கே யாருக்கும் பயனில்லை. மேட்டில் இருப்பவருக்கு ஏற்கனவே டவர் இருக்கிறது.

வட்டம் சுருங்கினாலும் ஆன்டெனாவின் தலைவலி தீராது. பலூனுக்கு நேர் கீழே இருப்பவருக்குத் தூரம் 18.4 கிலோமீட்டர், விளிம்பில் இருப்பவருக்கு 28.6. இதில் மட்டும் ஏறக்குறைய 4 டெசிபல் போய்விடுகிறது (3 டெசிபல் போனால் வலு பாதி). அப்புறம், தட்டையான பேட்ச் ஆன்டெனா ஒன்றைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டால் அதன் வலு நேர் கீழேதான் அதிகம். 50 டிகிரி சாய்வில், அதாவது நம் விளிம்பு இருக்கிற திசையில், இன்னொரு 4 டெசிபல் போகும். இரண்டையும் கூட்டினால் விளிம்பில் இருப்பவருக்கு நடுவில் இருப்பவருக்குக் கிடைப்பதில் ஆறில் ஒரு பங்குதான். விளிம்பில்தான் மலை மறைப்பும் அதிகம். யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குக் குறைவாகப் போகிறது.

இதைத் தலைகீழாக்க வேண்டும். கற்றையின், அதாவது ஆன்டெனா அனுப்பும் அலைவீச்சின், நடுவைக் குறைத்து, விளிம்பை ஏற்றி, தரையில் எல்லோருக்கும் ஒரே வலு விழும்படி செய்ய வேண்டும். செயற்கைக்கோள் ஆன்டெனாக்காரர்களுக்கு இது பழைய வேலை. நான் எடுத்துக்கொண்ட வடிவம் ஏழு பேட்ச்: ஒன்று நேர் கீழே பார்க்கும், ஆறு சுற்றி வெளிப்பக்கமாகச் சாய்ந்து பார்க்கும். கொழுந்துக் கூடை மாதிரி, அடி குறுகி வாய் அகன்று. அடித்தட்டில் ஒன்று, பக்கங்களில் ஆறு. 900 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 33 சென்டிமீட்டர், ஒரு பேட்ச் அதில் பாதிக்குக் கொஞ்சம் கீழே. மொத்தத்தையும் ஒருவர் கையில் தூக்கிவிடலாம்.

900ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் மழை. அத்தை இன்னும் லயத்தில்தான் இருக்கிறார். ஒருநாள் கூடையின் மாதிரியைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "ஏய்யா, இந்த மழை மேல இருந்து வர்றதைத் தடுக்காதா?" 900 மெகாஹெர்ட்ஸுக்கு எங்கள் ஊர் மழை ஒரு பொருட்டே இல்லை என்று சொன்னேன். அலை நீளமாக இருப்பதால் மழைத்துளி அதன் கண்ணுக்குத் தெரியாது. அடுத்து அவர் கேட்டதுதான் வடிவத்தையே மாற்றியது. "அப்ப ராத்திரி மழையில முற்றத்துக்கு வந்து நின்னுதான் பேசணுமா?"

லயத்துக் கூரை தகரம். தரை டவரின் அலை பக்கவாட்டில் வந்து ஜன்னல் வழியாக, கதவு வழியாக உள்ளே நுழையும். செங்குத்தாக இறங்கும் அலை நேராகத் தகரத்தில் முட்டும். கணக்குப்படி விளிம்பில் இருக்கும் போனிலிருந்து பலூனுக்குப் போய்ச் சேரும் சிக்னல், இரைச்சலுக்கு மேலே 20 டெசிபலுக்குக் குறையாமல் நிற்கிறது. தலையும் கையும் மறைப்பதற்குக் கொஞ்சம் கழித்த பிறகுதான் இந்த எண். முற்றத்தில் நின்றால் நல்ல இணைப்பு. ஆனால் தகரக் கூரை அந்த 20ஐ முழுசாகச் சாப்பிட்டுவிடும். பள்ளத்துக்குள் இறங்கக் கற்றை செங்குத்தாக வர வேண்டும், வீட்டுக்குள் நுழையப் படுக்கையாக வர வேண்டும். இரண்டும் ஒரே தளத்திலிருந்து நடக்காது. ஆகவே லயத்துக்கு ஒன்று வீதம் கூரைமேல் சின்னக் கருவி ஒன்று வேண்டும். மேலே ஓர் ஆன்டெனா, உள்ளே வைஃபை, கூட ஒரு பேட்டரி. ஒரு லயத்தில் வரிசையாக எட்டு பத்து வீடுகள் இருக்கும், எல்லாவற்றுக்கும் அது போதும். மழை பிடித்த ராத்திரியில் யாரும் வெளியே வர வேண்டியதில்லை. வானத்தில் நிற்கிற ஆன்டெனாவோடு கூரையில் நிற்கிற இந்தக் கருவியையும் சேர்த்து ஒரே வடிவமைப்பாகத்தான் இப்போது பார்க்கிறேன்.

எடைக்கு வருகிறேன். சாதாரண எலக்ட்ரானிக் பலகையில், அதாவது எஃப்ஆர்4 என்கிற கண்ணாடியிழைப் பலகையில், பேட்ச் செய்வது சுலபம், மலிவு. ஆனால் 1.6 மில்லிமீட்டர் பலகை சதுர மீட்டருக்கு 3 கிலோ. அதைவிடப் பெரிய குறை, மெல்லிய பலகையில் செய்த பேட்ச் ஒரு சின்ன அலைவரிசைத் துண்டில் மட்டும் வேலை செய்யும், 2 சதவீதம் கிடைத்தால் பெரிது. 900 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் போன் பேசுவது 880இலிருந்து 915 வரை, கேட்பது 925இலிருந்து 960 வரை. மொத்தத்தையும் அடக்க 9 சதவீதம் அகலம் தேவை. அதனால் பலகையை விட்டுவிட்டு, இரண்டு மெல்லிய உலோகத் தகடுகளுக்கு நடுவில் ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் கெட்டி நுரை வைக்கிறேன். நுரை கிட்டத்தட்ட காற்றுதான். அகலமும் கிடைக்கிறது, எடையும் கால்வாசிக்கு இறங்குகிறது. இன்னொரு லாபமும் உண்டு. நம் பகுதிக்கு மேலே, 17 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி, வெப்பநிலை மைனஸ் 80 டிகிரிக்குப் போகும். துருவத்துக்கு மேலே இருப்பதைவிட நிலநடுக்கோட்டுக்கு மேலேதான் அந்த அடுக்கில் பொதுவாகக் குளிர் அதிகம். பலகையின் மின் குணம் குளிரில் நகரும், பேட்ச் சுருதி விலகும். காற்றுக்கு அந்தத் தொல்லை மிகக் குறைவு.

உயரத்தில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் இருபதில் ஒரு பங்குக்குப் பக்கம். காற்று மெலிந்தால் தீப்பொறி தாவுவது சுலபம். தரையில் ஒழுங்காக வேலை செய்யும் இணைப்பான் அங்கே பொறி விடலாம். சூட்டை எடுத்துப் போகவும் காற்று இல்லாததால், மைனஸ் குளிரிலும் ஆம்ப்ளிஃபையர் வெந்துபோகும். ஆன்டெனாவின் தரைத்தகட்டையே வெப்பம் பரப்பும் தகடாகப் பயன்படுத்துவது இதற்கு நல்ல வழி.

பலூன் சுற்றும். காற்றில் தொங்குகிற எதுவும் மெதுவாகச் சுழலும். ஆறு பக்கமும் ஆறு தனித்தனிச் செல்களாக, அதாவது தனித்தனிச் சேவைப் பகுதிகளாக, வைத்தால், பலூன் சுற்றும்போது தரையில் செல்களும் சுற்றும். அசையாமல் உட்கார்ந்திருக்கிற அத்தையின் போன், ஓடும் பஸ்ஸில் இருப்பதுபோல ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். ஜப்பானின் சாஃப்ட்பேங்க் இதற்காகவே உருளை வடிவ ஆன்டெனா ஒன்றில், தளம் திரும்பினாலும் தரையில் செல் நகராதபடி கற்றைகளை மின்னணு முறையில் எதிர்த்திசையில் திருப்பும் வேலையைச் செய்திருக்கிறது. அவர்கள் பங்கெடுத்த சன்கிளைடர் என்ற 78 மீட்டர் இறக்கை விமானம் 2020 செப்டம்பரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் அடுக்குவளி மண்டலத்திலிருந்து 4ஜி இணைப்புக் கொடுத்துக் காட்டியது.

எனக்கு இன்னும் எளிய வழி ஒன்று தெரிந்தது. ஆறு பேட்ச்களுக்கும் ஒரே சிக்னலை, ஒவ்வொன்றுக்கும் 60 டிகிரி கட்டம் தள்ளி, அதாவது அலையின் ஒரு சுற்றில் ஆறில் ஒரு பங்கு பிந்திக் கொடுத்தால், ஆறும் சேர்ந்து ஒரு வளையக் கற்றையாகும். எந்தத் திசையிலும் ஏறக்குறைய ஒரே வலு. நேர் கீழே வளையத்தில் ஓட்டை விழும், அதை நடுப் பேட்ச் நிரப்பும். கூடை எப்படிச் சுற்றினாலும் தரையில் ஒன்றும் மாறாது. கணினி வேண்டாம், திசைகாட்டி வேண்டாம், செலவும் மின்சாரமும் குறைவு. ஒரு தனி மலைத்தீவுக்கு இந்தக் கூடை போதும்.

ஆனால் மூணாறுக்குக் கிழக்கே போடிநாயக்கனூர் இருக்கிறது. நேர்க்கோட்டில் 33 கிலோமீட்டர். மலை அங்கே செங்குத்தாக இறங்கிச் சமவெளியாகிவிடுகிறது. பலூனிலிருந்து பார்த்தால் போடிக்கு மறைப்பு எதுவுமில்லை. தொலைத்தொடர்பில் கேரளம் ஒரு வட்டம், தமிழ்நாடு இன்னொரு வட்டம். அலைவரிசை ஏலமும் உரிமமும் வட்டம் வட்டமாகத்தான். மூணாறு மேலே நிற்கும் பலூன் பயன்படுத்துகிற அதே அலைவரிசையில் போடியில் வேறொரு நிறுவனம் சேவை நடத்தலாம். பலூன் அவர்களைக் குழப்பும். அதைவிடக் கடுமையானது எதிர்த்திசைத் தொல்லை. போடி, தேவாரம் பக்கத்துப் போன்கள் எல்லாம் திறந்தவெளியில் பலூனுக்குத் தெளிவாகக் கேட்கும். ஆன்டெனா எந்தப் பக்கம் நன்றாகப் பேசுமோ அந்தப் பக்கம் நன்றாகக் கேட்கவும் செய்யும். பள்ளத்துக்குள்ளிருந்து மெல்லிசாக வரும் ஒரு குரலை, சமவெளியின் ஆயிரக்கணக்கான குரல்களுக்கு நடுவில் பிரித்தெடுக்க வேண்டும்.

ஆகவே கிழக்கை அடைக்க வேண்டும். ஆறு பேட்ச்களின் வலுவையும் கட்டத்தையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தினால் கிழக்குப் பக்கம் 10இலிருந்து 15 டெசிபல் வரை குறைக்கலாம். பலூன் சுற்றினாலும் அடைப்பு கிழக்கிலேயே நிற்க வேண்டுமென்றால் திசைகாட்டி வேண்டும், கணினி வேண்டும், ஆறு தனி ரேடியோ வேண்டும். எளிய கூடை போய் விலையேறிய கூடை வருகிறது. 1956இல் தேவிகுளம் தாலுகா கேரளத்தோடு போனபோது வரைந்த கோடு, 20 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு ஆன்டெனாவின் எடையில் போய் உட்காருகிறது. இரண்டு வட்டங்களும் பேரிடர்க் காலத்துக்கென்று ஒரு சின்ன அலைவரிசைத் துண்டை, 5 மெகாஹெர்ட்ஸ் இருந்தால் போதும், முன்கூட்டியே ஒதுக்கி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் எளிய கூடையே போதும். நான் இரண்டு மாதிரியையும் செய்துகொண்டிருக்கிறேன். எனக்குப் பிடித்தது எளியதுதான்.

எல்லை தலைவலியை மட்டும் தரவில்லை. பலூனுக்கு இணையத்தை ஏற்றிவிடத் தரையில் ஒரு நிலையம் வேண்டும். லூன் பலூன்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள 70, 80 கிகாஹெர்ட்ஸ் அலைகளைப் பயன்படுத்தின. அங்கே தரவு தாராளமாகப் போகும், 30 சென்டிமீட்டர் தட்டு ஆன்டெனா போதும். ஆனால் 80 கிகாஹெர்ட்ஸில் மணிக்கு 100 மில்லிமீட்டர் மழை கிலோமீட்டருக்கு 30 டெசிபல் வரை விழுங்கும். மூணாறிலிருந்து அப்படி ஏற்ற நினைப்பது வீண். தென்மேற்குப் பருவமழை மூணாறில் கொட்டும்போது போடியும் தேனியும் மழை மறைவுப் பகுதி. மேகம் மலை விளிம்போடு நின்றுவிடும். நிலையத்தைப் போடிப் பக்கம் வைத்து, கிழக்கு வானம் வழியாக மேலே ஏற்றி, மேகத்துக்கு மேலிருந்து மூணாறுக்கு 900 மெகாஹெர்ட்ஸில் இறக்கலாம். போனுக்கான கூடை கிழக்கைப் பார்க்கக் கூடாது, நிலையத்துக்கான தட்டு கிழக்கை மட்டும்தான் பார்க்க வேண்டும். அந்தத் தட்டின் கற்றை ஒரு டிகிரிக்கும் குறைவு, பலூன் அதைவிட அதிகமாக ஆடும். ஆகவே ஆட்டத்தை எதிர்த்துத் திருப்புகிற தாங்கி ஒன்று வேண்டும், அதன் எடையையும் இதில் சேர்க்க வேண்டும்.

இந்தப் பாதை எங்களுக்குப் புதிதல்ல. முன்பு மலை விளிம்பில் உள்ள டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் இறங்கின, அங்கிருந்து போடிக்குப் போயின. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டளைப் பள்ளத்தாக்கில் ரயிலே ஓடியது, 1924 வெள்ளம் அதை அழித்துவிட்டது.

அந்த டாப் ஸ்டேஷன் சரிவுதான் என் சோதனைக்கூடம். ஆன்டெனா கீழ்நோக்கி எப்படிப் பேசுகிறது என்று அளக்க, எதிரொலி இல்லாத அறை வேண்டும் அல்லது உயரம் வேண்டும். அறை கொச்சிப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இருக்கிறது. உயரம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. ரோட்டோரத்திலிருந்து குரங்கணிப் பக்கம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் இறக்கம். இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமமில்லாமல் பயன்படுத்தலாம். 900க்குப் பக்கத்தில்தான், ஆன்டெனாவைச் சிறிது பெரிதாக்கினால் அதே குணம். கூடையை அந்த அலைவரிசைக்குச் செய்து, லோரா என்கிற சின்ன ரேடியோ மாட்யூல் ஒன்றை இணைத்து, மூங்கில் கழியில் கட்டிச் சரிவுக்கு வெளியே நீட்டினேன். போடியிலிருந்து நண்பர்கள் ரிசீவர்களோடு ஏறி வந்தார்கள். முதலில் இரும்புக் குழாயில் கட்டி அளந்தபோது வளையக் கற்றை ஒரு பக்கம் நசுங்கியிருந்தது, மூங்கிலுக்கு மாற்றியதும் சீரானது. பலூனின் கட்டுக்கம்பி, பேட்டரிப் பெட்டி, சூரியத் தகடு எல்லாமே ஆன்டெனாவின் பகுதிதான் என்பதைக் கணினிக் கணிப்பைவிட அந்தக் கழி நன்றாகக் காட்டியது. மரத்தடியில் வலு விழுந்ததும் பதிவானது. நனைந்த இலைக்கு அடியில் இன்னும் அதிகம்.

காற்றைச் சொல்லாமல் விட முடியாது. பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் கீழைத்தாரைக் காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசும். பலூனோ விமானமோ அதைத் தாண்டி ஏற வேண்டும். மழை வந்த பிறகு ஏற்றுவது நடக்காத காரியம். மே மாதமே மேலே போய் நிற்க வேண்டும், அல்லது தூரத்து வறண்ட இடத்திலிருந்து ஏற்றி ஓட்டிவர வேண்டும். அதற்கான தளம் நம் நாட்டில் இன்னும் சோதனை நிலையில்தான் இருக்கிறது.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. கயிற்றில் கட்டிய டிரோன் என்ற இன்னொரு வழி உண்டு. கயிற்றிலேயே மின்சாரம் ஏறும், அதனால் பேட்டரி தீர்ந்து இறங்க வேண்டியதில்லை. 2017இல் புவேர்ட்டோ ரிக்கோவில் ஏடி அண்ட் டி அப்படி ஒன்றை 60 மீட்டர் உயரத்தில் நிறுத்தியது. எங்கள் பக்கத்தில் சமவெளியில் நிற்கும் 60 மீட்டரால் பயனில்லை. இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு நடுவில் உள்ள முகட்டில் நின்றால் இரண்டு பக்கமும் கீழே பார்க்கலாம். அதற்குக் கூடையின் பேட்ச்களை 10இலிருந்து 30 டிகிரி தாழ்ந்து பார்க்கும்படி திருப்ப வேண்டும், நேர் கீழே பார்ப்பது தேவையில்லை. அதே நுரை, அதே தகடு, சாய்வு மட்டும் வேறு. முகட்டுக் காற்று குறைகிற நேரமாகப் பார்த்து ஏற்ற வேண்டியிருக்கும். ஆனாலும் சரிவு நடந்த முதல் ராத்திரியில் ஜீப்பில் கொண்டுபோகக்கூடியது இதுதான். எந்தப் பள்ளத்துக்கு எந்த முகடு என்று முன்பே குறித்து வைத்திருந்தால் இருட்டில் தேட வேண்டாம். ராஜமலை, பெட்டிமுடி, குண்டளை, செண்டுவாரை, சைலன்ட் வேலி என்று எஸ்டேட் எஸ்டேட்டாக அந்தப் பட்டியலைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். சர்வே வரைபடத்தில் இல்லாத ஒற்றையடிப் பாதைகளை அத்தையும் அவரோடு வேலை பார்த்தவர்களும் சொல்கிறார்கள்.

அடுத்து கிழக்கை அடைக்கிற கூடையை அளக்க வேண்டும். போடியில் இரண்டு நண்பர்களின் மொட்டைமாடியில் ரிசீவர் வைக்க இடம் கிடைத்திருக்கிறது. டாப் ஸ்டேஷனிலிருந்து அந்த மாடிகள் நேர்ப் பார்வையில் இருக்கின்றன. அடைப்பு 10 டெசிபலாவது நிற்கிறதா, கூடையைச் சுழற்றும்போது எவ்வளவு நழுவுகிறது என்று ஜூன் மழை இறங்குவதற்குள் அளந்து, எண்களை அப்படியே இங்கே போடுகிறேன். கூடையின் வரைபடம் வேண்டுமென்கிற மாணவர்கள் எழுதுங்கள். நுரையும் தகடும் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்பதையும் சேர்த்து அனுப்புகிறேன்.